வலி இறங்கிய நேரம்

நர்ஸ் அம்சவேணியின் கண்ணைப் பார்த்து பெருமாயி ஒரு பொய் சொன்னாள். "பத்தரை மணி இருக்கும் சிஸ்டரு. அப்பத்தான் வலிக்குதுன்னான்." சொல்லி முடிக்க ஒரு நொடிகூட ஆகவில்லை. ஆனால் நாற்பத்திரண்டு நாளாக அது அவளைத் தின்றுகொண்டிருந்தது. பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்த துக்கம் போதாதென்று இது வேறு. ஏனென்றால் மகன் யுவராஜ் வலிக்கிறது என்று அவளிடம் வந்தது காலை ஏழு மணிக்கு. ஏழிலிருந்து பத்தரை வரை அவன் பெற்றவளின் கைக்குக் கீழேயே கிடந்தான். அவள் அவனுக்குச் சுளுக்கு எடுத்துக்கொண்டிருந்தாள்.

கொல்லிமலையில் ஆலத்தூர் நாட்டுப் பக்கம் போய்ச் சுளுக்கு என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள், பெருமாயி வீட்டுக்கு யாரும் வழி காட்டுவார்கள். மிளகுப் பறிப்பு தொடங்கிவிட்டால் அவளுக்கு உட்கார்ந்து சோறு தின்ன நேரம் இருக்காது. சில்வர் ஓக் மரத்தில் மூங்கில் ஏணியைச் சாத்தி, ஒரு கையால் மரத்தைக் கட்டிக்கொண்டு மறு கையால் கொத்தைக் கிள்ளுகிற வேலை அது. தோள் பிடிக்கும், விலா பிடிக்கும், முதுகு பிடிக்கும். பிடித்ததும் நேரே அவளிடம்தான் வருவார்கள். கைராசிக்காரி என்று பெயர்.

சும்மா சொல்லக் கூடாது, ராசியோடு அவளிடம் ஒரு முறையும் இருந்தது. வருகிறவர் வெறும் வயிற்றோடு வர வேண்டும். விளக்கெண்ணெயைக் கை பொறுக்கும் சூட்டில் வைத்து, கட்டைவிரலால் மேலிருந்து கீழாக நீவுவாள். நீவிக்கொண்டே "எறங்குதா? எறங்குதா?" என்று கேட்பாள். தோளில் பிடித்த வலி முதுகுக்கு இறங்கி, முதுகிலிருந்து இடுப்புக்கு இறங்கினால் சுளுக்கு விடுகிறது என்று அர்த்தம். அப்புறம் எண்ணெய் காயும்வரை பாயை விட்டு எழக் கூடாது, வாசல்படி தாண்டக் கூடாது. தாண்டினால் சுளுக்கு திரும்ப ஏறிக்கொள்ளும். ஒருமுறை பஞ்சாயத்து ஆபீஸ்காரர் ஒருவர் மீட்டிங் இருக்கிறது என்று பாதியில் எழப் பார்த்தார். "மீட்டிங்கை இங்கயே படுத்துக்கிட்டு நடத்துங்க" என்று தோளை அமுக்கிப் படுக்க வைத்துவிட்டாள். மனுசன் மதியம்வரை கிடந்து, வலி போய், கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுத்தான் போனார்.

யுவராஜ் அவளுக்கு ஒரே மகன். இருபத்தேழு வயது. பிக்கப் வண்டி ஓட்டினான். மரவள்ளிக் கிழங்கும் பலாப்பழமும் ஏற்றிக்கொண்டு எழுபது கொண்டை ஊசி வளைவையும் பாட்டுப் போட்டுக்கொண்டே இறங்குவான், காளப்பநாயக்கன்பட்டியில் இறக்கிவிட்டு மறுபடி ஏறுவான். மிளகுக் காலத்தில் மட்டும் விடியலில் அப்பன் அர்த்தனாரிக்கு ஒத்தாசையாகக் கொஞ்ச நேரம் பறித்துக் கொடுத்துவிட்டு வண்டிக்குப் போவான். சுகாதார நிலையத்து அம்சவேணி இரண்டு தடவை அவனுக்குப் பிரஷர் பார்த்து, "தம்பி, உனக்குப் பிரஷர் ஜாஸ்தி. மாத்திரை போடணும்" என்று சொல்லியிருந்தாள். "இந்த ரோட்டுல வண்டி ஓட்டுனா உங்களுக்கும் ஏறும் சிஸ்டரு" என்று சிரித்துவிட்டு வந்துவிட்டான். மாத்திரை அட்டை பிரிக்காமலே அலமாரியில் கிடந்தது.

மாசி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை. தோட்டத்திலிருந்து தனியாக வந்தான். முகம் வெளிறியிருந்தது.

"அம்மா, முதுகப் புடிச்சுக்கிச்சு. நெஞ்சுலருந்து பின்னால வரைக்கும் கிழிச்சுக்கிட்டுப் போற மாதிரி இருக்குது."

"ஏணியில அப்படித் தொங்குனா கிழியாம என்ன பண்ணும்? எப்ப புடிச்சுது?"

"இப்பத்தாம்மா. வர்ற வழியில."

அடுப்புப் பக்கத்துக் கடிகாரத்தில் அப்போது மணி ஏழு. பாயை விரித்தாள், எண்ணெயைச் சுட வைத்தாள், சட்டையைக் கழற்றச் சொன்னாள். வந்தவர்களுக்கெல்லாம் செய்ததைத்தான் மகனுக்கும் செய்தாள். சொல்லப் போனால் இன்னும் கொஞ்சம் பார்த்துப் பார்த்துச் செய்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தான். எட்டு மணி வாக்கில் தலையைத் திருப்பி, "இப்ப மேல அவ்வளவா இல்லம்மா. கீழ இடுப்புக்கிட்ட வந்துருச்சு" என்றான்.

"அப்படிச் சொல்லு என் சாமி! எறங்கிருச்சு பாரு. விட்டுருச்சு!"

பாவி மகள், சந்தோஷப்பட்டாள். நெற்றி வேர்வையை முந்தானையால் துடைத்துவிட்டு, கஞ்சிக்கு உப்பு போட எழுந்துபோனாள்.

ஒன்பது மணிக்கு அவன் கேட்டான். "அம்மா, ஒரு எட்டு ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்துரட்டுமா? ரொம்ப வேர்க்குது."

"எண்ணெய் சூட்டுக்கு வேர்க்கும் கண்ணு. எறங்குன வலிய மறுபடி ஏத்திக்காத. எண்ணெய் காயட்டும், படு."

படுத்தான். அம்மா சொன்னதைத் தட்டாத பிள்ளை. தட்டியிருக்கக் கூடாதா, ஒரே ஒரு நாள் அவள் சொல்லை மீறியிருக்கக் கூடாதா என்று பிற்பாடு அவள் சுவரில் தலையை மோதிக்கொண்டு அழுதது யாருக்கும் தெரியாது.

பத்தரைக்கு அவன் குரல் மாறிவிட்டது. இடது கால் மரத்துப்போச்சு என்றான். தொட்டாள், காலில் சூடே இல்லை. ஓங்கரித்து வாந்தி எடுத்தான். அப்போதுதான் பெருமாயி ஐயோ என்று கத்தி ஊரைக் கூட்டினாள். பக்கத்து வீட்டு ஜீப்பில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடினார்கள். யாரோ தோட்டத்துக்கு ஓடிப்போய் அர்த்தனாரியையும் கூட்டி வந்தார்கள்.

அம்சவேணி ஒரு நிமிஷமும் வீணாக்கவில்லை. வலது கையில் பிரஷர் பார்த்தாள், நூற்று எழுபது. இடது கையில் பார்த்தாள், தொண்ணூறு. சுவரில் ஒட்டியிருந்த தாளை நிமிர்ந்து பார்த்தாள்.

அந்தத் தாளுக்கு ஒரு கதை உண்டு. இரண்டு வருஷத்துக்கு முன்பு வரை, நெஞ்சுக்குள் பெரிய ரத்தக் குழாய் கிழிகிற இந்த நோய்க்கு ஆளுக்கு ஒரு வைத்தியம் நடந்தது. நெஞ்சு வலி என்றதும் மாரடைப்பு என்று நினைத்து, ரத்தக் கட்டியைக் கரைக்கிற ஊசியைப் போட்டுவிடுவார்கள். கிழிந்த குழாய்க்கு அது எமன். அப்படியே தப்பி மேலே போனாலும் ஒரு டாக்டர் ஒரு மாதிரி வெட்டுவார், இன்னொருவர் இன்னொரு மாதிரி தைப்பார். சேலத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் அருள்மொழி என்கிற டாக்டரம்மாவும் கூட்டாளிகளும் உட்கார்ந்து எல்லாவற்றுக்கும் ஒரே முறை என்று எழுதி, மலைச் சுகாதார நிலையங்களுக்கும் அனுப்பினார்கள். இரண்டு கையிலும் பிரஷர் பார்க்க வேண்டும், இன்ன ஊசி போடவே கூடாது, இன்ன நம்பருக்கு ஒரே ஒரு போன் போதும். ஆள் வந்து சேரும்போது ஸ்கேன் தயாராக இருக்க வேண்டும், தியேட்டர் தயாராக இருக்க வேண்டும். உடம்பை எவ்வளவு குளிர வைப்பது, குழாயை எங்கே வெட்டுவது, எங்கே தைப்பது, எல்லாம் வரிசையாக எழுதியிருந்தது. யார் கத்தியைப் பிடித்தாலும் அதே வரிசைதான். அதற்குமேல் இன்னொன்றும் இருந்தது. ஒருவர் செத்துப்போனால் எல்லோரும் உட்கார்ந்து அந்தச் சாவை மணிக்கணக்கு வாரியாகப் படிப்பார்கள், எங்கே நேரம் போனது என்று தேடுவார்கள். தேடிக் கண்டதை முறையில் சேர்ப்பார்கள்.

"எத்தனை மணிக்குக்கா வலி வந்துச்சு?" என்று அம்சவேணி பேனாவோடு கேட்டாள்.

போன வருஷம்தான் அம்சவேணி அவளிடம் சண்டை பிடித்திருந்தாள், எலும்பு முறிந்த கையைப் போய் நீவலாமா என்று. பெருமாயிக்கு அந்த ஞாபகம் வந்தது. பக்கத்தில் அர்த்தனாரி நின்றார். மூன்றரை மணி நேரம் மகனை எண்ணெய் காயப் போட்டிருந்தேன் என்று அந்த மனுசன் முன்னால் எந்த வாயால் சொல்வது? பத்தரை என்று சொன்னாள். அர்த்தனாரி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆம்புலன்ஸ் பறந்தது. எழுபது வளைவு, அப்புறம் சமவெளி ரோடு. ஒன்றரைக்குள் சேலம், இரண்டுக்குள் ஸ்கேன், இரண்டே காலுக்குத் தியேட்டர் கதவு மூடியது. குறை சொல்ல ஒரு நிமிஷம் கிடையாது. சாயங்காலம் டாக்டர் அருள்மொழி வெளியே வந்து, ஒரு காகிதத்தில் குழாயை வரைந்து காட்டினார்.

"நெஞ்சுலருந்து வயித்துக்குப் போற பெரிய ரத்தக் குழாய்மா இது. உள்சுவர் இங்க மேல கிழிஞ்சிருக்கு. கிழிசல் இப்படிக் கீழ கீழ இறங்கியிருக்கு. கிழிசல் இறங்க இறங்க வலியும் கூடவே இறங்கும். உங்க பையனுக்கு வலி இறங்குச்சா?"

எறங்கிருச்சு பாரு, விட்டுருச்சு என்று தான் குதித்தது பெருமாயிக்கு அப்படியே கண் முன்னால் வந்தது. தன் கைக்குக் கீழேதான் அது கிழிந்துகொண்டு போயிருக்கிறது.

"இல்லீங்க" என்றாள். முதல் பொய்க்குக் காவலாக இன்னொரு பொய்.

மாற்றி வைத்த குழாய் நன்றாகத்தான் வேலை செய்தது. ஆனால் குடலுக்கும் சிறுநீரகத்துக்கும் வெகு நேரம் ரத்தம் போகாமலே இருந்துவிட்டது. மூன்றாம் நாள் யுவராஜ் போய்விட்டான். கண் திறந்து ஒரு தடவை அம்மாவைப் பார்த்தான் என்று நர்ஸுகள் சொன்னார்கள். பார்த்தானா இல்லையா, அவளுக்குத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு பெருமாயி யாரையும் தொடவில்லை. மிளகுக் காலம் முடியவில்லை, ஆட்கள் வந்துகொண்டுதான் இருந்தார்கள். திருப்புலி நாட்டிலிருந்து ஒருத்தி தோளைப் பிடித்துக்கொண்டு அழுதபடி வந்து நின்றாள். "போயிரு தாயி, இந்தக் கை வேண்டாம்" என்று கதவைச் சாத்தினாள். மகன் போன துக்கம், பாவம் என்று ஊர் பேசிக்கொண்டது. எண்ணெய்ச் சட்டியைக் கொண்டுபோய்ப் பள்ளத்தில் வீசினாள். ராகிக் களி கிண்டினாலும் தன் கட்டைவிரலைப் பார்க்கக் கூசியது.

அர்த்தனாரி பேச்சைக் குறைத்துவிட்டார். போட்டதைத் தலை குனிந்து தின்பார், கையைக் கழுவுவார், வெளியே போய் நின்றுகொள்வார். அவளை ஒரு சொல் சொன்னதில்லை. அதுதான் அவளை அதிகம் வதைத்தது. இவருக்குத் தெரிந்தால் என் கையால் ஒரு வாய் தண்ணீர் குடிப்பாரா என்று ஒவ்வொரு தடவை சொம்பை நீட்டும்போதும் நினைத்தாள். மகன் போய்விட்டான், மிச்சம் இருப்பது இந்த மனுசன் ஒருவர்தான். சொன்னால் இவரும் போய்விடுவார்.

பங்குனி கடைசியில் அம்சவேணி வீடு தேடி வந்தாள். சுற்றி வளைக்காமல் பேசுகிறவள், அன்றைக்குத் தண்ணீரை வாங்கிக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, புதன்கிழமை டாக்டரம்மா மலைக்கு வாராங்க. எங்களுக்கு வகுப்பு எடுக்க. உங்க ரெண்டு பேரையும் பாக்கணும்னாங்க. தம்பி விஷயத்துல நேரம் ஒத்து வரலையாம். பத்தரைக்கு வலி வந்தவனுக்கு ரெண்டே காலுக்குள்ள குடல் அப்படிக் கெட்டுப்போவாதாம். நான் நேரத்தத் தப்பா எழுதிட்டேனான்னு கேக்கறாங்க."

"உன்னையா கேக்கறாங்க?"

"என் கையெழுத்துத்தானக்கா இருக்குது. அது போவட்டும். நாலு மணி நேரத்துலயே இப்படி ஆகுதுன்னா ஆபரேஷன் முறையையே மாத்தணுமான்னு யோசிக்கறாங்களாம். இனி வர்றவங்களுக்கெல்லாம் அதுதான முறை? அதான் கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன். பத்தரை தானக்கா?"

பெருமாயி வாயைத் திறந்தாள். உள்ளே அர்த்தனாரி இருமுகிற சத்தம் கேட்டது. "புதன்கிழமை வாரேன்" என்று மட்டும் சொன்னாள்.

புதன்கிழமைவரை இரண்டு நாளும் இதே நினைப்புதான். பேசாமல் இருந்துவிட்டால் அம்சவேணி தலை உருளும். ஊர் பேர் தெரியாத யார் யாருடைய பிள்ளைகளுக்கோ ஒரு பொய்யை நம்பி வைத்தியம் நடக்கும். பேசினால் அர்த்தனாரி. எப்படிப் புரட்டினாலும் ஒருவர் குடி கெடும். எனக்கு மட்டும் ஏன் இப்படி என்று சாமியைத் திட்டினாள். சாமிக்கு என்ன வந்தது, அது பாட்டுக்கு இருந்தது.

புதன்கிழமை சுகாதார நிலையத்தின் ஓர் அறையில் நான்கு நாற்காலி போட்டிருந்தார்கள். டாக்டர் அருள்மொழியின் மடியில் யுவராஜின் தாள்கள். பக்கத்தில் அம்சவேணி. எதிரே இவர்கள் இருவரும்.

"உங்களைக் கஷ்டப்படுத்த வரலைங்கம்மா" என்று டாக்டர் தொடங்கினார்.

"ஏழு மணிங்க" என்றாள் பெருமாயி.

டாக்டர் தாளிலிருந்து நிமிர்ந்தார்.

"பத்தரை இல்லீங்க. ஏழு. சிஸ்டரு மேல ஒரு தப்பும் இல்ல, நான்தான் பொய் சொன்னேன். ஏழு மணிக்கு என்கிட்ட வந்தான். சுளுக்குன்னு நெனச்சு நீவுனேன். எட்டு மணிக்கு வலி எறங்குச்சுங்க. நீங்க கேட்டப்ப இல்லன்னேன். எறங்குச்சு. சுளுக்கு விடுதுன்னு சந்தோஷப்பட்டேன். ஆஸ்பத்திரிக்குப் போறேன்னு கேட்டான். எண்ணெய் காயட்டும்னு நான்தான் படுக்க வெச்சேன்."

டாக்டர் ஏழு மணி என்று எழுதினார். "இது எங்க தாள்ல இல்லவே இல்லைம்மா. சுளுக்குன்னு நீவினாங்களா, வலி கீழ இறங்குச்சான்னு மலையில முதல் கேள்வியா கேட்டிருக்கணும். இனிமே கேப்போம்."

பெருமாயிக்கு அது வேண்டியிருக்கவில்லை. "ஒன்னே ஒன்னு சொல்லுங்க. ஏழு மணிக்கே கூட்டியாந்திருந்தா பொழச்சிருப்பானா?"

அருள்மொழி அம்சவேணியைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார். பிறகு அவளையே பார்த்துச் சொன்னார். "உறுதியா யாராலயும் சொல்ல முடியாதும்மா. சீக்கிரம் வர்றவங்கள்ல பெரும்பாலானவங்க பொழைக்கிறாங்க. உங்க பையனுக்கு வயசும் கம்மி. பொழைச்சிருப்பான்னுதான் நினைக்கிறேன். ஆனா டாக்டருங்க நாங்களே இத மாரடைப்புன்னு நினைச்சுத் தப்பு பண்ணியிருக்கோம். நீங்க சுளுக்குன்னு நினைச்சதுல..."

மீதியை அவள் கேட்கவில்லை. புருஷன் பக்கம் திரும்பவும் துணிச்சல் இல்லை. நாற்காலி நகரும், எழுந்து போய்விடுவார் என்று குனிந்தபடி காத்திருந்தாள்.

"ஏழும் இல்லீங்க" என்றார் அர்த்தனாரி.

அந்தக் குரலை அவள் வெகு நாளாகக் கேட்கவில்லை. நிமிர்ந்தாள்.

"ஆறே கால்ங்க. ஏணி மேல இருக்கறப்பவே நெஞ்சப் புடிச்சுக்கிட்டான். எறங்கி வந்து மண்ணுல உக்காந்துட்டான். அப்பா, வண்டி எடுத்துக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்துரலாமான்னு கேட்டான். நான்தான்..." தரையைப் பார்த்தார். "நான்தான், ஊட்டுல உங்கம்மா இருக்கறப்ப என்னத்துக்குடா ஆஸ்பத்திரி, போய் ஒரு நீவு நீவிக்கன்னு தொரத்தி உட்டேன். கூடவும் போவல. கொத்துப் பறிக்கறது பாதியில நிக்குதுன்னு மரத்துலயே இருந்துட்டேன். நோவோட அரை மணி நேரம் தனியா நடந்து வந்திருக்கான்."

டாக்டர் ஏழு மணி என்று எழுதியதை அடித்துவிட்டு ஆறே கால் என்று எழுதினார். பேனா காகிதத்தில் உரசுகிற சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

"நீ பத்தரைன்னு சொன்னப்ப பக்கத்துலதான நின்னேன் புள்ள" என்றார் அர்த்தனாரி, அவளைப் பார்க்காமல். "எனக்குத் தெரியும், அது பொய்யின்னு. வாயத் தொறந்தா என் ஆறே காலும் வெளிய வந்துரும். தப்பிச்சேன்னு நின்னுட்டேன்."

பெருமாயி அவர் கையைப் பிடித்து உலுக்கினாள். "எப்ப புடிச்சுதுன்னு கேட்டேனே மாமா. இப்பத்தாம்மா, வர்ற வழியிலன்னு சொன்னானே. ஆஸ்பத்திரின்னு கேட்டு நீங்க வேண்டாம்னத எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலயே."

"சொல்ல மாட்டான்" என்றார் அர்த்தனாரி. "நான் உங்கிட்டத் திட்டு வாங்குவேன்னு சொல்ல மாட்டான். எம்பையன் என்னைக் காட்டிக் குடுக்க மாட்டான்."

சொல்லிவிட்டு, டாக்டரம்மா முன்னாலேயே, அம்சவேணி முன்னாலேயே, வாய் விட்டு அழுதார்.